கட்டுமரத்தைக் கொண்டாடுவோர் கலப்பத்தை அறிவரோ?

ஆண்டுதோறும் தாய்மொழி நாள் வந்துவிட்டால் ஒரு பதிவு தவறாமல் என் கண்ணில் படுகிறது: ஆங்கிலத்தின் 'கேட்டமரன்' நம் 'கட்டுமரம்'. உண்மைதான். 1697-இல் வில்லியம் டாம்பியர் தம் பயண நூலில் அச்சொல்லை எழுதினார். 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி அதைக் 'கட்டு', 'மரம்' என்று பிரித்தே காட்டிவிட்டது. இத்தனை காலமாக அச்சில் கிடக்கும் செய்தியைக் கண்டுபிடிப்புப் போலப் பகிர்வோரில் மொழியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

அதே அகராதியில் அதே ஆங்கில எழுத்தின் கீழ் இன்னொரு சொல்லும் இருக்கிறது. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ அடித்து இறுக்கி நீர் கசியாமல் செய்யும் வேலைக்கும், அதைச் செய்பவருக்கும் உரிய சொல். இந்துஸ்தானியில் கலாபத்தி, போர்த்துகீசியத்தில் கலஃபாத்தே, அதற்கு மூலம் அரபியா இலத்தீனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழில் அது கலப்பத்து. இதைப் பற்றி ஒரு தாய்மொழி நாள் பதிவையாவது கண்டவர் உண்டா? இருக்க வாய்ப்பில்லை. கட்டுமரம் நம்மிடமிருந்து வெளியே சென்ற சொல், ஆகவே பெருமை. கலப்பத்து துறைமுகக் கூலிகளின் வாய்வழியே உள்ளே வந்த சொல், ஆகவே மௌனம். நம் சொற்பிறப்பியல் ஏற்றுமதிக் கணக்கை மட்டும் எழுதும் கணக்கப்பிள்ளையாகிவிட்டது.

நான் வசிக்கும் பாண்டுப்பின் கிழக்கு விளிம்பில், பம்பிங் ஸ்டேஷனைத் தாண்டினால் தானேக் கடற்கழி. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை அது. பூநாரைகளைப் படமெடுக்க நகரமே அங்கு வருகிறது. சென்ற ஜூனில் நான் போனபோது பூநாரைகள் இல்லை. நீலத் தார்ப்பாயின் கீழ் கோலி முதியவர் ஒருவர் தம் பழைய மரப்படகைத் தாமே செப்பனிட்டுக்கொண்டிருந்தார். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். நாரளி பௌர்ணமிக்குள் படகு புது வண்ணத்தில் நிற்க வேண்டும்.

நான் மூன்று நாள் பார்த்தேன். பழைய வண்ணத்தைச் சுரண்டினார். மக்கிய பஞ்சை இடுக்குகளிலிருந்து கொக்கியால் இழுத்தெடுத்தார். புதுப் பஞ்சுத் திரியை உளியும் மரச்சுத்தியலும் கொண்டு உள்ளே செலுத்தினார். இங்குதான் நுட்பம் இருக்கிறது. கரையேறிய பலகை உலர்ந்து சுருங்குவதால் இடுக்கு அகன்று காணப்படும். அந்த அகலத்தை நம்பி முழு வலுவோடு அடைத்துவிட்டால், நீரில் இறங்கியதும் பலகை ஊறி உப்பி, இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கிக்கொள்ளும். குறைவாக அடைத்தாலோ கசியும். எவ்வளவு போதும் என்பதை அவர் சுத்தியலின் ஒலியால் முடிவு செய்தார். ஈரமரத்தில் பூசிய வண்ணம் கொப்புளித்து உரியும் என்பதால், தூரிகையைத் தொடுமுன் பலகையில் உள்ளங்கையை நெடுநேரம் வைத்துப் பார்த்தார்.

கலாபத்தி என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டேன். அவர் அறிந்திருக்கவில்லை. பஞ்சு நிரப்புதல் என்று பொருள்படும் எளிய மராத்தித் தொடரையே சொன்னார். ஆனால் அந்த ஒலிகளுக்கு, 'போதும்' என்னும் ஒலிக்கும் 'இன்னும்' என்னும் ஒலிக்கும், தனித்தனிப் பெயர் வைத்திருந்தார். நான் குறித்துக்கொண்டேன்.

அந்தக் குறிப்புகளை ஆய்வு முன்னேற்றக் கூட்டம் ஒன்றில் முன்வைத்தபோது, "சொற்பட்டியல் கோட்பாடு ஆகாது" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். ஐயா, பொருள் வகைப்பாடு பேச்சில் எவ்வாறு உருவாகிறது என்பது கோட்பாடு இல்லையென்றால் வேறு எது கோட்பாடு? வண்ணப் பெயர்களைப் பற்றிய பெர்லின், கே நூல் (1969) எதிலிருந்து தொடங்கியது? சொற்பட்டியலிலிருந்துதானே!

இன்னொரு சாராரும் உண்டு. 'பழங்குடி அறிவு' என்று ஓர் இயலைத் தலைப்பிட்டு, மீனவர் தம் படகைத் தாமே பழுதுபார்ப்பதைத் தன்னிறைவுப் பண்பாடாக மெச்சுவோர். தமிழக அரசு தடைக்கால நிவாரணத்தை 2023-இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்த அறிவித்தது. 61 நாளுக்கு அத்தொகையில் குடும்பமும் உண்ண வேண்டும், படகும் பழுது நீங்க வேண்டும். தாமே செய்வது பண்பாடு என்பதைவிட, ஆள் வைக்கப் பணமில்லை என்பதே பல வேளைகளில் சரியான விளக்கம். அந்த நெருக்கடியிலும் நுட்பம் வளர்கிறது என்பதே வியப்புக்குரியது, நெருக்கடியே வியப்புக்குரியதன்று.

கண்ணாடியிழைப் படகு வந்தபின் இவையெல்லாம் வீண் என்போருக்கு ஒன்று. அதற்கும் விரிசல் விழும். விரிசலின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, உலரவிட்டு, இழைப்பாயை அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். ஹார்ட்னர் சிறிது கூடினால் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடும். குறைந்தால் பல நாளானாலும் பிசுபிசுக்கும். அந்தப் பக்குவங்களுக்கும் கரையில் இன்று பெயர்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ரெசின், மேட் என்னும் கடன்சொற்களுக்குத் தமிழ் விகுதிகள் ஒட்டுவதைக் கண்முன்னே காணலாம். கலப்பத்து தமிழுக்குள் நுழைந்த காலத்தில் குறித்துவைக்க எவரும் இல்லை. இப்போது கையில் கைப்பேசியோடு நாம் இருக்கிறோம். எழுதுவதோ மறுபடியும் கட்டுமரத்தைப் பற்றி.

கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தமிழகப் பல்கலைக்கழகங்களின் கோடை விடுமுறை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ வர விரும்பும் மாணவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது. பழைய சட்டை நீங்கள் கொண்டுவர வேண்டும், சுரண்டும் வேலை நம் தலையிலும் விழும்.