கூலி நாளில் போடாத மாத்திரை

போன மாதம் ஆய்வு மாணவி ஒருவர் தன் முதல் நேர்காணலைத் தட்டச்சு செய்து வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார். நர்சிங் கல்லூரியில் பல வருடங்களாகப் பாடம் நடத்துபவர். சர்க்கரை நோயாளிகள் ஏன் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள் என்பதுதான் அவருடைய பி.எச்டி. தலைப்பு. நான்கு பக்கம், பிழையில்லாத ஆங்கிலம். அதில் ஒரு வரி இப்படிச் சொன்னது: பக்க விளைவுகள் காரணமாக நோயாளி மருந்தை நிறுத்திவிட்டார்.

“ஆடியோ இருக்கா?” என்று கேட்டேன். வகுப்பில் கேட்பதற்கும் சேர்த்தே நேர்காணல் தந்த அம்மாவிடம் ஒப்புதல் வாங்கியிருந்தார். செல்போனை மேசை மேல் வைத்து ஓடவிட்டார். பின்னணியில் கோழிச் சத்தம், தூரத்தில் ஒரு மினி பஸ்ஸின் ஹாரன். பிறகு அந்த அம்மாவின் குரல்:

“மாத்திர போட்டுட்டு வேலைக்குப் போனா படபடன்னு வருது தாயி. கண்ணக் கட்டுது. களை வெட்டையில வரப்புல விழுந்துட்டா யாரு பாக்குறது? அதனால கூலிக்குப் போற நாள்ல போடுறதில்ல. வீட்ல இருக்கிற நாள்ல போட்டுக்கிருவேன்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அம்மா மாத்திரையை நிறுத்தவே இல்லை. வேலை நாளுக்கு ஒரு வழி, வீட்டு நாளுக்கு ஒரு வழி என்று தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் மருத்துவமும் இருக்கிறது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. காலையில் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு உச்சிவெயில் வரை குனிந்து வேலை செய்யும் உடம்பில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். படபடப்பும் கண் இருட்டுவதும் அதன் அறிகுறிகள். அப்படியென்றால் அவருக்குத் தேவை மருந்தையோ அளவையோ மாற்றித் தரும் ஒரு டாக்டர். ‘நிறுத்திவிட்டார்’ என்று எழுதிய ஆய்வேடு என்ன பரிந்துரை தரும்? நோயாளிகளுக்கு விழிப்புணர்வு தேவை என்று தரும். விழிப்போடு இருக்கும் ஒருவரைப் பற்றி!

மருத்துவம், நர்சிங், பொது சுகாதாரம் படித்து முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பண்புசார் ஆய்வு கற்றுத் தருகிறேன். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பி.எச்டி. கோர்ஸ்வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். நான் பார்த்த பாடத்திட்டங்களில் ஆராய்ச்சி முறையியல் என்றால் பெரும்பகுதி புள்ளியியல்தான். மக்களோடு பேசி ஆராய்வதற்கு ஒன்றிரண்டு பிற்பகல்கள் கிடைக்கும். அதற்குள் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த சாஃப்ட்வேர் மேடம்?” இரண்டாவது, “எத்தனை பேர் போதும்?”

எத்தனை பேர் என்ற கேள்விக்கு ‘12’ என்ற எண் மருந்தின் டோஸ் போல எல்லா சினாப்சிஸிலும் உட்கார்ந்திருக்கிறது. 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்றார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான பெண்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டதால் அப்படி அமைந்தது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. களை வெட்டுகிற அம்மாவையும் வங்கி மேலாளரையும் ஒரே பட்டியலில் வைத்து 12 பேரோடு முடித்துக்கொண்டால், இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் போகும்.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதும் அந்த ஒரு கணம். ஒலிப்பதிவைக் கேட்கும்போதே கை ஆங்கிலத்தில் ஓடுகிறது. இந்தப் பழக்கம் பி.எச்டி.யில் வந்ததில்லை, வார்டில் வந்தது. நோயாளியின் முறையீட்டை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்றுதான் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் கிறுகிறுப்பு, தலைசுத்தல், மயக்கம், கண்ணு இருட்டுது, தள்ளாட்டமா இருக்கு எல்லாம் கேஸ் ஷீட்டில் ‘கிடினஸ்’ என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஐந்தும் ஒரே உடம்பு நிலையாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று காதில் தொடங்கலாம், ஒன்று பட்டினியில், ஒன்று ரத்த அழுத்தத்தில். அவசர வார்டில் அந்தச் சுருக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆராய்ச்சியில் அந்தச் சொற்கள்தான் தரவு. ரத்த மாதிரியைக் கீழே கொட்டிவிட்டு அதன் நிறத்தை மட்டும் எழுதி வைப்பாரா ஒரு லேப் டெக்னீஷியன்?

சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தமிழ்நாட்டு ஏழைப் பெண்களின் பிரசவம் பற்றி ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2003-இல் புத்தகமாக வந்தது. பிரசவத்தைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தைக் கேட்டு வாங்கும் பெண்கள், வலி தெரியாமல் இருக்க மருந்து தந்தால் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே ‘வலி’ என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. மொழிபெயர்த்துவிட்டால் அது வெறும் நோவு. ‘வலி எடுத்துடுச்சா?’, ‘வலி பத்தல’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது அதில் ஒரு பலமும் இருக்கிறது. பிள்ளையை வெளியே தள்ளும் சக்தியின் பெயர் அது. வெளியிலிருந்து வந்தவர் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். அந்த மொழியிலேயே பிறந்த நாம் அதை முதல் நாளே தொலைத்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கேள்விகளிலும் இதே சிக்கல் உண்டு. மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மனும் அவருடைய சகாக்களும் 1978-இல் எழுதிய கட்டுரை நோயாளியிடம் கேட்கச் சொல்லும் கேள்விகளை மாணவர்கள் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு மிகவும் பயம் தருவது எது என்பது போன்ற அருமையான கேள்விகள். அவற்றை அப்படியே தமிழாக்கி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்க் கேட்டால், “அது ஒங்களுக்குத்தான தெரியும், எங்களுக்கு என்ன தெரியும்?” என்று பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “ஊர்ல இத என்னன்னு சொல்லுவாங்க?” என்று கேட்டால் பேச்சு முடியாது. சூடு, பித்தம், வாய்வு, கண்ணேறு, மருமகள் தந்த மனக்குறை என்று அது பாட்டுக்கு வரும். மாத்திரை அம்மாவின் பதிவிலும் இதே வித்தியாசம் காதில் விழுந்தது. “ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று மாணவி தொடக்கத்தில் கேட்கிறார். “சாப்பிடுறேன் தாயி” என்கிறார் அவர். கேட்பவர் நர்ஸ் என்று அவருக்குத் தெரியும். நர்ஸுக்கு என்ன பதில் பிடிக்கும் என்பதும் தெரியும். பின்னர், “நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்டபோதுதான் கூலி நாளும் வீட்டு நாளும் வெளியே வந்தன.

நேற்றைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். முதல் வகுப்பில் நான் சொல்லித் தருவது இவ்வளவுதான். ஓ.பி.யில் நோயாளியின் பேச்சை வெட்டி வெட்டிப் பழகியவர்களுக்கு இரண்டாவதுதான் கடினம்.

நேரம் பிடிக்கும் வேலை இது. ஒரு மணி நேரப் பேச்சைத் தமிழில் சொல்லுக்குச் சொல் எழுத ஒரு முழு நாள் போய்விடும். அதனால்தான் பலர் டைப்பிங் சென்டரில் கொடுத்துவிடுகிறார்கள். பெருமூச்சும் தயக்கமும் சிரிப்பும் அங்கே உதிர்ந்துபோகின்றன. அந்த நேரத்தைத் தந்தவர்கள் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள். 1960-களில் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் சாகக் கிடப்பவர்களின் அருகே மாதக்கணக்காக இருந்து பார்த்தார்கள். நோயாளிக்கு எது தெரியும், தெரிந்தும் தெரியாதது போல யார் யார் நடிக்கிறார்கள் என்று எழுதினார்கள். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று நம் வராந்தாக்களில் நடக்கும் அதே நாடகம். அவர்களுடைய 1965 புத்தகம் அதிலிருந்து வந்தது. 1967-இல் அந்த ஆய்வு முறைக்கே ஒரு புத்தகம் எழுதினார்கள். நம் ஆய்வேடுகளில் அந்த 1967 மட்டும் அடைப்புக்குறிக்குள் தவறாமல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பெரிய காரியம் அது. வந்த மாத்திரை எந்த நாளில் வாய்க்குள் போகிறது, எந்த நாளில் பரண் மேல் டப்பாவில் இருக்கிறது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த வரப்பில் நிற்கிறார், தமிழில் பேசுகிறார்.

அந்த மாணவி நான்கு பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒலிப்பதிவை மறுபடி கேட்டுத் தமிழிலேயே எழுதி வந்தார். 17 பக்கம் வந்தது. இப்போது தமிழிலேயே வரிவரியாகக் கோடிங் செய்துகொண்டிருக்கிறார். ஆங்கிலம் கடைசியில் வரும், ஆய்வேட்டுக்குத் தேவையான இடத்தில் மட்டும்.

கைடுகளாகவும் தேர்வாளர்களாகவும் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேரும் ஊரும் நீக்கிய தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வைவாவில் ஏதாவது ஒரு ஆங்கில மேற்கோளைத் தொட்டு, “இதை அவங்க எப்படிச் சொன்னாங்க?” என்று ஒருமுறை கேளுங்கள்.