உலகத்தைக் காப்பாத்துவாங்க, ஒரு வேளை சேர்ந்து சாப்பிட மாட்டாங்க

சூப்பர்ஹீரோ கதைகள்ல எனக்கு ரொம்ப நாளா ஒரு குறை உண்டு. ஹீரோவோட அப்பா அம்மா சீக்கிரமே செத்துப் போயிடுவாங்க. பேட்மேனுக்கு ஒரு சந்துல. சூப்பர்மேனுக்குக் கிரகமே வெடிச்சுப் போச்சு. ஸ்பைடர்மேனை வளர்த்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். அந்தப் பெரியப்பாவும் கதை சூடு பிடிக்கும் முன்னாடியே காலி. எழுதுறவங்களுக்கு இது ரொம்ப வசதி. செத்துப்போன அப்பா எதிர்த்துப் பேச மாட்டார், ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். ஹீரோ அவரை நினைச்சுக் கண் கலங்கிட்டு, பறந்து போய் ஊரைக் காப்பாத்தலாம். உயிரோட இருக்கிற குடும்பத்தை வச்சு எழுதுறதுதான் கஷ்டம்.

அதை யாரும் முயற்சி பண்ணலைன்னு சொல்ல வரலை. 1961-லேயே ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர்னு ஒரு சண்டை போடுற குடும்பத்தை உருவாக்கிட்டாங்க. 2004-ல வந்த பிக்சாரின் 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்துல வர்ற சாப்பாட்டு மேசைச் சண்டை எனக்கு அந்தப் படத்துலேயே பிடிச்ச இடம். ஆனா சினிமாவுக்கு ரெண்டு மணி நேரம்தான். அதுக்குள்ள குடும்பம் உடையணும், ஒட்டணும், வில்லனும் தோக்கணும். நிஜத்துல குடும்பம் ஒரு பெரிய சண்டையில உடையுறது இல்லை. அதே சின்ன விஷயம் நூறு தடவை நடந்து நடந்துதான் உடையுது. அந்த நூறு தடவையைக் காட்ட நேரம் இருக்கிறது டிவி தொடருக்கு மட்டும்தான். இந்தக் கட்டுரையில என் கட்சி அதுதான். உதாரணம், 'தி அம்ப்ரெல்லா அகாடமி'. (ஸ்பாய்லர் நிறைய இருக்கு. பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் ஓடிடாது.)

ஜெரார்ட் வே எழுதி, கேப்ரியல் பா வரைஞ்சு 2007-ல தொடங்கின காமிக்ஸ் இது. ஜெரார்ட் வே யார்னா, மை கெமிக்கல் ரொமான்ஸ் பாடகர். ஆமா, அவரேதான். நெட்ஃபிளிக்ஸ்ல 2019 பிப்ரவரில முதல் சீசன் வந்தது. 1989 அக்டோபர் 1-ஆம் தேதி, காலையில கர்ப்பமாவே இல்லாத 43 பெண்களுக்கு ஒரே நாள்ல குழந்தை பிறக்குது. சர் ரெஜினால்ட் ஹார்க்ரீவ்ஸ்னு ஒரு பணக்காரர் அதுல ஏழு குழந்தைகளை வாங்கி வளர்க்கிறார். பேர் வைக்கலை, நம்பர் போடுறார். நம்பர் ஒன், நம்பர் டூ, இப்படி ஏழு வரைக்கும். பேர் வச்சது கிரேஸ், அவர் செஞ்சு வச்ச ரோபோ அம்மா. அந்தப் பேரும் அஞ்சாவது பையனுக்குக் கிடைக்கலை. அவன் கடைசி வரைக்கும் ஃபைவ்தான்.

இங்கே முதல்ல கவனிக்க வேண்டியது, ஒவ்வொருத்தரோட பவரும் அவங்கவங்க காயத்தோட எப்படிச் சேர்ந்திருக்குங்கிறது. கிளாஸுக்குச் செத்தவங்க தெரிவாங்க. பயத்தைப் போக்குறேன்னு சின்ன வயசுல அவனைக் கல்லறை மண்டபத்துக்குள்ள வச்சுப் பூட்டினவர் அப்பா. வளர்ந்ததும் அந்தக் குரல்களை அமுக்குறதுக்கு அவன் போதையில விழுந்து கிடக்கிறான். அலிசன் ஒரு வதந்தியைச் சொன்னா அது அப்படியே நடக்கும். ஒரு தடவை அடம் பிடிச்ச தன் மகள் மேலேயே அதைப் பிரயோகிச்சா. கல்யாணமும் போச்சு, மகளும் கையை விட்டுப் போனா. ஃபைவ் காலத்துல தாவுவான். பதிமூணு வயசுல அப்பா பேச்சைக் கேட்காம சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து எதிர்காலத்துக்குத் தாவினவன், அழிஞ்சு போன உலகத்துல மாட்டிக்கிட்டான். இடிபாட்டுக்குள்ள தன் கூடப் பிறந்தவங்களோட பிணங்களைப் பார்த்தான். நாற்பது வருஷத்துக்கு மேல ஒரு கடை பொம்மையைத் துணையா வச்சுக்கிட்டு வாழ்ந்தான். திரும்பி வரும்போது உடம்புக்கு 13 வயசு, மனசுக்கு 58.

லூதரைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். அவன் நம்பர் ஒன். எல்லாரும் வீட்டை விட்டுப் போனப்பவும் போகாத ஒரே பிள்ளை. அவனை அப்பா நிலாவுக்கு அனுப்புறார். அங்கே நாலு வருஷம் தனியா இருந்து, சாம்பிள் எடுத்து, ரிப்போர்ட் எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கான். உலகத்துக்கு ஏதோ ஆபத்து, அதுக்காகத்தான் தன்னை அனுப்பியிருக்கார்னு நம்புறான். அப்பா இறந்த பிறகு ஒரு நாள் அந்தப் பொட்டலங்கள் எல்லாம் வீட்டுத் தரைக்கு அடியில கிடைக்குது. ஒண்ணைக்கூட அவர் பிரிக்கலை. அந்தக் காட்சியில சண்டை இல்லை, வெடி இல்லை. ஒரு மலை மாதிரி ஆள் நின்னு கவரைப் பார்க்கிறான், அவ்வளவுதான். வகுப்புல முதல் ரேங்க் வாங்கி, வீட்ல ஒரு வார்த்தை வரும்னு காத்துக்கிட்டு இருந்த யாருக்கும் அந்த முகம் புரியும்.

ஏழாவது பிள்ளை விக்டர். (முதல் ரெண்டு சீசன்ல இந்தக் கதாபாத்திரத்தோட பேர் வான்யா. நடிகர் எலியட் பேஜ் தன்னைத் திருநம்பின்னு அறிவிச்ச பிறகு, மூணாவது சீசன்ல கதாபாத்திரமும் விக்டர் ஆகுது. நான் முழுக்க விக்டர்னே எழுதுறேன்.) வீட்ல பவர் இல்லாத ஒரே பிள்ளைன்னு சொல்லி வளர்க்கப்பட்டவன். மத்தவங்களுக்கு மணிக்கட்டுல குடை டாட்டூ குத்தும்போது, இவன் பேனாவால தன் கையில அதே குடையை வரைஞ்சுக்குவான். உண்மை என்னன்னா, ஏழு பேர்லயும் பவர் அதிகம் இவனுக்குத்தான். அது கட்டுக்கடங்காமப் போனதும் அப்பா சின்னப் பிள்ளையை நிலவறையில ஓர் அறைக்குள்ள அடைக்கிறார், மாத்திரை கொடுக்கிறார், அலிசனை விட்டு 'நீ சாதாரண ஆள்'னு அவன் மனசுல பதிய வைக்கிறார். அலிசனும் அப்போ சின்னக் குழந்தைதான். தான் என்ன செய்றோம்னே அவளுக்குத் தெரியாது.

இப்போ முதல் சீசனோட கடைசிப் பகுதிக்கு வாங்க. உலகம் அழியப் போகுது, காரணத்தைத் தேடி ஆறு பேரும் ஊரெல்லாம் ஓடுறாங்க. அதுக்கு நடுவுல விக்டருக்குத் தன் பவர் தெரிய வருது, கோபத்துல அலிசனோட கழுத்தை அறுத்துடுறான், வருத்தப்பட்டு வீட்டுக்கு வர்றான். லூதர் அவனைக் கட்டிப் பிடிக்கிறான். பிடிச்சு, மூச்சு முட்ட வச்சு மயக்கி, அப்பா கட்டின அதே அறையில கொண்டு போய் அடைக்கிறான். பாதிக்கப்பட்ட அலிசனே, பேச முடியாம, 'திறந்து விடு'ன்னு எழுதிக் காட்டுறா. லூதர் கேட்கலை. அந்த அறையை உடைச்சுக்கிட்டு விக்டர் வெளியே வர்றான், கடைசியில நிலா உடைஞ்சு பூமி மேல விழுது. உலகம் அழிஞ்சதுக்கு வெளியூர் வில்லன் யாரும் தேவைப்படலை. 'குடும்பத்தோட பாதுகாப்புக்கு'ன்னு ஓர் அண்ணன் எடுத்த முடிவு போதுமா இருந்தது. லூதர் கெட்டவனும் கிடையாது. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வளர்ப்பு முறை அதுதான்.

எங்க ஹாஸ்டல்ல இந்தத் தொடரைப் பத்தி ரெண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சொல்றது: "குடும்பச் சண்டை பார்க்கணும்னா மெகா சீரியல் பார்க்கலாமே, அதுக்கு எதுக்குடா நெட்ஃபிளிக்ஸ் காசு?" நியாயமான கேள்விதான். என் பதில் இது. நான் பார்த்த சீரியல்கள்ல குடும்பம் உடையணும்னா ஒரு வில்லி வேணும். அவ திருந்தினாலோ, மாட்டிக்கிட்டாலோ பிரச்சினை தீர்ந்துடும். இங்கே கெடுத்தவர் முதல் எபிசோட்லேயே செத்துட்டார். திட்டவும் ஆள் இல்லை, மன்னிப்புக் கேட்க வைக்கவும் ஆள் இல்லை. மிச்சம் இருக்கிறவங்க எல்லாருமே அடி வாங்கினவங்க. ஒரே வீட்ல வளர்ந்தும் ஏழு பேருக்கும் ஏழு விதமான குழந்தைப் பருவம் ஞாபகம் இருக்கு. லூதருக்கு அது ஒரு ராணுவப் பயிற்சி, டியேகோவுக்கு அவமானம், விக்டருக்கு ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்த ஒரு விருந்து. விக்டர் அதைப் புத்தகமாவே எழுதிட்டான். மத்தவங்களுக்கு அது துரோகம். யார் ஞாபகம் சரின்னு தொடர் தீர்ப்பு சொல்லலை. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

இன்னொரு வாதம்தான் எனக்கு எரிச்சல். "ரெஜினால்ட் கடுமையா நடந்துக்கிட்டார், சரி. ஆனா உலகத்தைக் காப்பாத்தத்தானே?" இதைச் சொல்றவங்க கிட்ட ஒரு விஷயம் கேட்கணும். அவர் எப்படிச் செத்தார்? உலகம் அழியப் போகுதுன்னு அவருக்குத் தெரியும், பிள்ளைகள் ஒண்ணு சேரணும்னு தெரியும். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, விஷம் குடிச்சுச் சாகுறது. தன் சாவுக்காவது வருவாங்கங்கிற கணக்கு. ஒரு போன் போட்டா வர மாட்டாங்கன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. இவ்வளவு பெரிய மேதைக்குத் தன் வளர்ப்போட பலன் அதுதான்னு புரியாம இருந்திருக்குமா? 'உன் நல்லதுக்குத்தான்'ங்கிற வாக்கியத்தை நம்மள்ல நிறைய பேர் கேட்டு வளர்ந்திருக்கோம். சொன்னவங்கள்ல பலர் அன்பாத்தான் சொல்லியிருப்பாங்க. ரெஜினால்டை அந்த வரிசையில சேர்த்து அவருக்கு மார்க் போட நான் தயாரா இல்லை.

ரெண்டாவது சீசன்ல இதுக்கு ஓர் அற்புதமான காட்சி வருது. எல்லாரும் 1960-கள் டல்லாஸ்ல மாட்டிக்கிறாங்க. அங்கே இளைய ரெஜினால்டைக் கண்டுபிடிச்சு, அவரோட ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்றாங்க. கவனிங்க, இந்த மனுஷன் இன்னும் இவங்களைத் தத்தெடுக்கவே இல்லை. இவங்க யார்னே அவருக்குத் தெரியாது. ஆனா அவர் நாலு வார்த்தை அலட்சியமாச் சொன்னதும், கத்தியைத் திசை திருப்பி வீசுற டியேகோவுக்குச் சின்ன வயசுத் திக்கு வாய் திரும்பி வந்துடுது. முப்பது வயசு ஆம்பளை, முன்பின் தெரியாத ஆள் முன்னாடி எட்டு வயசுப் பையன் ஆயிடுறான். நான் பார்த்த எந்த சூப்பர்ஹீரோ படத்துலயும் இவ்வளவு பயங்கரமான ஓர் அடியைப் பார்த்ததில்லை.

'இன்வின்ஸிபிள்' தொடரையும் இங்கே சொல்லணும். ராபர்ட் கிர்க்மேனோட காமிக்ஸ்ல இருந்து வந்து, 2021-ல அமேசான் பிரைம்ல தொடங்கின அனிமேஷன். மார்க் கிரேசனோட அப்பா ஆம்னி-மேன், உலகத்துலேயே பெரிய ஹீரோ. அவர் வந்ததே இந்தக் கிரகத்தைத் தன் சாம்ராஜ்யத்துல சேர்க்கத்தான்னு முதல் சீசன் முடிவுல தெரியுது. அப்பனும் மகனும் போடுற சண்டையைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. அந்த ரயில் காட்சியைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. எனக்கு அதை விட முக்கியம் அம்மா டெபி. அவங்களுக்கு எந்தப் பவரும் இல்லை. ஒளிச்சு வச்சிருந்த ரத்தக் கறை படிஞ்ச உடையைக் கண்டுபிடிச்சு, இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் யார்னு தனியா உட்கார்ந்து யோசிக்கிறது அவங்கதான். மகன் அடி வாங்கிக்கிட்டு இருக்கும்போது, புருஷன் தன்னை ஒரு வளர்ப்புப் பிராணியோட ஒப்பிடுறதைக் கேட்கிறதும் அவங்கதான். ரெண்டாவது சீசன் அவங்க துக்கத்துக்கு நேரம் ஒதுக்குது. சூப்பர்ஹீரோக்களோட துணைவர்களுக்கான ஆறுதல் கூட்டம் ஒண்ணுக்குப் போறாங்க, புருஷன் யார்னு தெரிஞ்சதும் அங்கேயும் இருக்க முடியலை. சினிமாவா இருந்தா எடிட்டர் முதல்ல வெட்டுற காட்சி இதுதான்.

சரி, உடைஞ்ச குடும்பம்னா உடனே நல்ல தொடர் ஆயிடுமா? ஆகாது. இப்போ எல்லா ஹீரோவுக்கும் ஒரு கெட்ட அப்பா வச்சுடுறாங்க, கேப் மாட்டி விடுற மாதிரி. அம்ப்ரெல்லா அகாடமியே கடைசியில சறுக்குச்சு. மூணாவது சீசன்ல அலிசன் காலம் மாறினதால மகளையே இழந்து, கோபத்துல தன் பவரைத் தப்பான இடத்துல எல்லாம் பயன்படுத்துறா. கனமான விஷயம், ஆனா அவ செஞ்சதுக்கு மத்தவங்க முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ற காட்சி ஒழுங்கா வரலை. 2024 ஆகஸ்ட்ல வந்த நாலாவது சீசன் ஆறே எபிசோட். பாதி நேரம் ஃபைவுக்கும் டியேகோவோட மனைவி லைலாவுக்கும் நடுவுல ஒரு காதலைத் திணிக்கிறதுலயே போச்சு. அப்புறம் முடிவு. உலகம் பிழைக்கணும்னா இந்தப் பிள்ளைகள் பிறந்தே இருக்கக் கூடாதுன்னு சொல்லி, எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டு இல்லாமலே போயிடுறாங்க. தியாகம்னு காட்டுறாங்க. எனக்கு அது ரெஜினால்ட் பேசுற மாதிரியே கேட்டது. நாலு சீசனா 'நீ இருக்கிறதே பிரச்சினை'ன்னு கேட்டு வளர்ந்த விக்டருக்குக் கதையும் கடைசியில அதையேதான் சொல்லுது. இதுல மட்டும் எங்க ஹாஸ்டல் ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேர்ந்து திட்டினோம்.

அதனால புதுசாப் பார்க்கப் போறவங்களுக்கு என் சிபாரிசு: முதல் ரெண்டு சீசன், மொத்தம் 20 எபிசோட். மூணாவது உங்க விருப்பம். முதல் எபிசோட்ல அப்பாவோட சாவுக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில இருக்கும்போது லூதர் ஒரு பழைய பாப் பாட்டைப் போடுவான். அவங்கவங்க இருக்கிற இடத்துல, மத்தவங்க என்ன செய்றாங்கன்னு தெரியாமலே ஒவ்வொருத்தரும் ஆடுவாங்க. கேமரா மெதுவாப் பின்னாடி போய், சுவரே இல்லாத பொம்மை வீடு மாதிரி அந்த வீடு முழுசையும் ஒரே ஷாட்ல காட்டும். அங்கே பாஸ் பண்ணி, யார் எந்த அறையில நிக்கிறாங்கன்னு ஒரு தடவை பாருங்க.