ஓயாத நெஞ்சுவலியும் ஒதுக்கப்படும் நோயாளரும்

நாட்டின் வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களுள் இருதய நோய் நீண்டகாலமாகவே முதலிடம் வகித்து வருகின்றது. அதனால் இருதய சிகிச்சை பற்றிய பேச்செல்லாம் மாரடைப்பிலிருந்து உயிரைக் காப்பது பற்றியதாகவே அமைந்து விடுகின்றது. காப்பாற்றப்பட்ட பின்னரும் நெஞ்சுவலி ஓயாது வாழ்வோரைப் பற்றி எவரும் அக்கறை கொள்வதாகத் தெரியவில்லை.

மருந்துகளுக்கும் ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சைகளுக்கும் கட்டுப்படாது, இருதயத் தசைக்குச் செல்லும் குருதி குறைவதால் 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நெஞ்சுவலியை மருத்துவ உலகம் தனியொரு நோய்நிலையாகவே வகுத்துள்ளது. இதற்கு உள்ளானோரில் பெரும்பாலானோர் பல்லாண்டுகள் உயிர்வாழ்கின்றனர். எனவே இங்கு எழும் கேள்வி, எவ்வளவு காலம் வாழ்வது என்பதை விட எவ்வாறு வாழ்வது என்பதேயாகும்.

ஸ்டென்ட் பொருத்தினால் வலி முற்றாக நீங்கிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும், பிரித்தானியாவில் 301 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வில், நெஞ்சுவலிக்கான மருந்துகள் நிறுத்தப்பட்ட நிலையில் ஸ்டென்ட் பெற்றவர்களுள் 12 வாரங்களின் பின்னர் வலியின்றி இருந்தோர் 40 சதவீதத்தினரே. போலிச் சிகிச்சை பெற்றோரில் இது 15 சதவீதமாகும். ஸ்டென்ட் பயனுள்ளது, ஆனால் அது எல்லோருக்கும் முழுத்தீர்வல்ல என்பதையே இது உணர்த்துகின்றது. பெரிய நாடிகளில் அடைப்பு நீங்கினாலும் நுண்ணிய குருதிக் குழாய்களின் கோளாறு வலியைத் தொடரச் செய்யலாம். பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் இக்கோளாறு அஞ்ஜியோகிராம் படத்தில் தெரிவதில்லை. 'வாய்வு' என்றும் 'மனப்பயம்' என்றும் கூறி அவர்கள் திருப்பி அனுப்பப்படுவது வேதனைக்குரியதாகும்.

இத்தகையோருக்குச் செய்ய எதுவுமில்லை என்பது சரியன்று. கால்களில் காற்றுப்பட்டிகளைக் கட்டி இருதயத் துடிப்புக்கு இசைவாக அழுத்தும் சிகிச்சை, வழமையாக 35 மணித்தியாலங்கள் அளிக்கப்படுகின்றது. இருதய நாளத்தில் சிறு கம்பிவலையைப் பொருத்தும் முறையும் உண்டு. இவை செலவு மிக்கவை. ஆனால் பிரித்தானியாவின் லிவர்பூல் நகரில் நோயாளருக்கு நோயை விளக்கி, அச்சத்தைத் தணித்து, படிப்படியாக உடலுழைப்புக்குப் பழக்கியதன் மூலம் வைத்தியசாலை அனுமதிகள் குறைந்தமை 2007 இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

நமது அரச வைத்தியசாலைகளின் மாதாந்த கிளினிக்குகளில் நிலவும் நெரிசலை அறியாதோர் இல்லை. சில நிமிடச் சந்திப்பில் மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கலாமே தவிர, வலியுடன் வாழக் கற்றுக்கொடுக்க முடியாது. கூலித்தொழிலாளி ஒருவருக்கு மூட்டை சுமக்க முடியாத நெஞ்சுவலி என்பது குடும்பத்தின் அடுப்பு எரியாமல் போவதற்குச் சமமாகும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளைத் தேடி மருந்தகங்கள் தோறும் அலைந்தவர்களுள் இத்தகையோரும் அடங்குவர்.

எனவே, போதனா வைத்தியசாலைகளில் மாதத்தில் ஒரு நாளையாவது இந்நோயாளருக்கென ஒதுக்குமாறு சுகாதார அமைச்சிடம் வலியுறுத்துகின்றோம். இருதய நிபுணர், தாதியர், இயன் மருத்துவர், உளவள ஆலோசகர் ஆகியோர் அங்கு ஒருங்கே இருத்தல் வேண்டும். நாவின் கீழ் வைக்கும் மாத்திரையைக் கண்ணாடிப் போத்தலிலேயே வைத்திருக்க வேண்டும், காகிதத்தில் சுற்றிவைத்தால் அதன் வீரியம் குன்றும் என்பது போன்ற எளிய விடயங்களும் அங்கு தாய்மொழியில் விளக்கப்பட வேண்டும். பழகிய வலி எது, ஆபத்தான வலி எது என்பதையும் நோயாளர் அறிந்திருத்தல் அவசியமாகும். வலி வழமைக்கு மாறாக ஓய்விலும் தோன்றினால், அல்லது மாத்திரைக்கும் அடங்காது நீடித்தால், 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கத் தயங்கலாகாது.

உயிரைக் காப்பதோடு வைத்தியத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. காக்கப்பட்ட உயிர் வலியின்றி, இயலாவிடின் வலி குறைந்தேனும் வாழ வழிசெய்வதும் அக்கடமையின் பாற்பட்டதேயாகும்.