கடலுக்குப் போகும் டோக்கனுக்கு முன்னால் ஊசி

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று எந்த ஜெட்டிக்குப் போனாலும் ஒரே பேச்சு: "போன வருசமே கொரோனா வந்துபோச்சு, இனி நமக்கு வராது." இந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். போன வருசம் வந்தது டெல்டா. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேரைப் பிடித்தது. இப்போது, 2022 தொடக்கத்தில், வந்திருப்பது ஒமிக்ரான். 2021 டிசம்பர் 15 அன்று சென்னையில் ஒருவர் என்றார்கள். 2022 ஜனவரி 6 முதல் இரவு ஊரடங்கு. மூன்று வாரம்தான் இடைவெளி!

ஒருமுறை வந்தவருக்கும் ஏன் வரும்? நண்டு வலையில் சூடை மீன் நிற்குமா? நிற்காது, வலைக்கண் பெரிசு. வைரஸின் உடம்பெங்கும் முள் முள்ளாக ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்லைப் பிடித்து உள்ளே நுழைவது அதை வைத்துத்தான். பழைய காய்ச்சலும் ஊசியும் நமக்குக் கொடுத்த ஆன்டிபாடி, அந்தப் பழைய முள்ளின் அளவுக்குக் கண் கட்டிய வலை. ஒமிக்ரானின் முள்ளில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றம். அதனால்தான் நழுவுகிறது.

வைரஸுக்குப் புத்தி கிடையாது. தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை விடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பிழைகள் அதற்கே உதவாது. ஆனால் வலை போட்ட கடலில் வலைக்குத் தப்பியதுதானே குஞ்சு பொரிக்கும்?

பரவும் வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூச்சுக்குழாய்த் திசுவில் ஒமிக்ரான் டெல்டாவைவிட 70 மடங்கு வேகமாகப் பெருகுகிறது என்று ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். நுரையீரலில் அந்த வேகம் இல்லை. மூச்சுக்குழாயில் பெருகினால் பேச்சிலும் இருமலிலும் வெளியே கொட்டும். நம் விசைப்படகை நினைத்துப் பாருங்கள். ஆறேழு பேர், ராத்திரி முழுக்க ஒரே அறை, தண்ணீர் கேனுக்கு ஒரே டம்ளர். மடிவலை இழுக்கும் சத்தத்தில் காதருகே வந்து கத்தித்தான் பேசுகிறோம்.

"அப்படியானால் ஊசி எதற்கு, அதுவும்தான் நழுவுதே?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. உடம்பில் இரண்டாவது வலை ஒன்று இருக்கிறது: டி செல்கள். தொற்றிய செல்லையே தேடி அழிப்பவை. அவை முள்ளின் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை, பல துண்டுகளைப் பார்க்கின்றன. எல்லாத் துண்டும் மாறிவிடவில்லை. காய்ச்சல் வரலாம், ஆனால் ஆக்சிஜன் படுக்கை வரை போவது குறையும். லேசான காய்ச்சல்தானே என்றும் இருக்காதீர்கள். ஏழு நாள் தனிமை என்றால் மூன்று நாள் கடல் போச்சு, பங்கும் போச்சு.

மெகா தடுப்பூசி முகாம் சனிக்கிழமை. நாம் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. முகாமுக்கு இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, மீன் தின்னாதவராக இருக்க வேண்டும்! வெள்ளிக்கிழமை காலை ஜெட்டிக்கே நர்சம்மாவை அனுப்பச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறோம். படகுக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போடுங்கள். கோவிஷீல்டு முதல் ஊசி போட்டு 84 நாள் தாண்டியவர்கள், நர்சம்மா வரும்போது இரண்டாம் ஊசிக்கு ஆதாரோடு வாருங்கள். பாசி எடுக்கும் அக்காமாரையும் கூட்டி வாருங்கள்.