புத்தக மூட்டையை எழுத்தாளன் தனியாகச் சுமப்பதா?

நெய்வேலிச் சுரங்க வாயிலில் ஷிப்டு மாறும் நேரம். ஒரு கூட்டம் வெளியே வருகிறது. இன்னொரு கூட்டம் உள்ளே போகிறது. அந்த நெரிசலில், டீக்கடை ஓரமாக ஒரு தோழர் துணிப்பையோடு நிற்கிறார். பையில் இருப்பது சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் அல்ல. அவரே எழுதி, அவரே பணம் போட்டு அச்சடித்த நாவல்!

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய தகப்பனார் காலத்தில் முந்திரியும் பலாவும் நின்ற இடத்தில் இன்று சுரங்கம் வாய் பிளந்து கிடக்கிறது. ஊர் பெயர்ந்த அந்தக் கதையைத்தான் வேலை முடிந்து வந்த இரவுகளில் உட்கார்ந்து எழுதினார். ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினார், பதிலே வரவில்லை. இன்னொருவர், "இதை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார். மூன்றாமவர், "செலவுப் பணம் முழுவதையும் நீங்கள் கட்டினால் போட்டுத் தருகிறோம்" என்றார். வீட்டுக்கார அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. 500 பிரதி அச்சாகி வந்தது. இன்று அதில் 400-க்கு மேல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

"விற்றதிலும் பாதி கடன், தோழர். சம்பளத்தன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் அவர்.

இது அவர் ஒருவருடைய சங்கடமா? அவர் அதிர்ஷ்டக் கட்டையா? அல்லது எழுதத் தெரியாமல் எழுதிவிட்டாரா? இவற்றில் எதுவுமே காரணமில்லை என்பது நமது கருத்து. உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

யார் கையில் கூலி?

ஒரு புத்தகம் வெளிவந்தால் அதனால் எத்தனை பேருக்குப் பணம் கிடைக்கிறது என்று பாருங்கள். காகிதக் கடைக்காரருக்கு முன்பணம். அச்சகத்துக்குப் பணம். அட்டை போட்டவருக்கும் பைண்டிங் செய்தவருக்கும் கூலி. இவையெல்லாம் நியாயமே, உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். பிறகு புத்தகம் கடைக்குப் போகிறது. விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கழிவு கேட்கிறார்கள். மீதியும் ரொக்கமாக வருவதில்லை. "விற்றால் தருகிறோம், விற்காவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள்" என்பதுதான் ஒப்பந்தம். கண்காட்சியில் கடை போடலாம் என்றால், ஒரே ஒரு புத்தகம் வைத்திருப்பவனுக்கு வாடகை எங்கே கட்டுபடியாகும்?

ஆக, எல்லோரும் கூலி வாங்கிய பிறகு, கடைசியில் வெறுங்கையோடு நிற்பவன் எழுதியவன்தான். எழுதிய உழைப்புக்கும் கூலி இல்லை. மூட்டை சுமந்து விற்ற உழைப்புக்கும் கூலி இல்லை. போட்ட முதலும் போயிற்று. விதையும் உரமும் தானே வாங்கிப் போட்டு, விளைந்ததைக் கமிஷன் மண்டியில் கொட்டிவிட்டு வரும் சிறு விவசாயியின் கதைதான் இது. களம் வேறு, கணக்கு ஒன்று.

இன்று அச்சுத் தொழிலில் புதிய யந்திரங்கள் வந்துவிட்டன. 50 பிரதி வேண்டுமானாலும் அச்சடித்துக் கொள்ளலாம். அதனால் புத்தகம் போடுவது சுலபமாகிவிட்டது. ஆனால் அதை வாசகன் கையில் சேர்ப்பது சுலபமாகவில்லை. பத்திரிகையில் நாலு வரி மதிப்புரை வர வேண்டும் என்றால் ஆள் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரம் கொடுக்கப் பணம் வேண்டும். பணமும் இல்லை, ஆளும் தெரியாது என்றால் நல்ல நாவலும் கட்டிலுக்கு அடியில்தான்!

செல்லப்பா சுமந்த மூட்டை

"திறமை இருந்தால் தானாக வெளியே வரும்" என்று சிலர் வேதாந்தம் பேசுவார்கள். அவர்களுக்குச் சி.சு. செல்லப்பாவின் வாழ்க்கையே பதில்.

செல்லப்பா நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லர். இலக்கியத்தைப் பற்றி அவர் சொன்ன பலவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உழைப்பை உழைப்பென்று மதிக்கத் தெரியாதவன் தொழிலாளி வர்க்கத்தின் பெயரைச் சொல்ல லாயக்கற்றவன். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் செல்லப்பா. 1959-ல் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். எழுத்து பிரசுரம் என்ற பெயரில் தாமே புத்தகங்கள் போட்டார். போட்ட புத்தகங்களைப் பையில் அடைத்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகத் தூக்கிச் சென்று விற்றார். ஜல்லிக்கட்டைப் பற்றிய அவருடைய 'வாடிவாசல்' 1959-ல் அப்படி வந்ததுதான். இன்று அது பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போகிறது; ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது; படக்கதையாகவும் ஆகியிருக்கிறது.

முதுமையிலாவது அந்த மூட்டை இறங்கியதா? இல்லை. சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி மூன்று பாகங்களில் அவர் எழுதிய 'சுதந்திர தாகம்' நாவல் 1997-ல் வந்தது. அதையும் எழுத்து பிரசுரமாகத் தாமேதான் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 85. மறு வருஷம் டிசம்பரில் கண்ணை மூடினார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது 2001-ல்!

திறமை தானாக வெளியே வந்த லட்சணம் இதுதான். செல்லப்பாவின் மன உறுதியை நாம் வணங்குகிறோம். ஆனால் அந்த உறுதியைக் காட்டி, "நீயும் அவரைப் போல் மூட்டை தூக்கு" என்று இன்றைய எழுத்தாளனிடம் சொல்வது அநியாயம். பட்டினி கிடந்து வேலை செய்த தொழிலாளியைப் பாராட்டலாம். அதற்காகப் பட்டினியையே சட்டமாக்க முடியுமா?

நெய்வேலியின் கதையை யார் சொல்வது?

நாவல் ஒன்று போனால் போகட்டும், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். 1956-ல் நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962-லிருந்து மின்சாரம் தந்தது. 2020-ல் ஓய்வு பெற்றது. எத்தனை டன் வெட்டினார்கள், எத்தனை யூனிட் மின்சாரம் எடுத்தார்கள் என்பதெல்லாம் ஆண்டறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது.

ஆனால் குலதெய்வக் கோயிலை விட்டு வண்டி கட்டிய கிழவியின் கதை எந்த அறிக்கையில் இருக்கிறது? சொந்த நிலம் இருந்த இடத்திலேயே ஒப்பந்தக் கூலியாக இறங்கி நின்றவனின் மனசு எந்தக் கோப்பில் இருக்கிறது? அதை நாவல்தான் சொல்ல வேண்டும். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' நாவலில் நெய்வேலிக்காக மண்ணை இழந்தவர்களின் கதையைச் சொன்னார். அவர் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். உழைப்பவனே எழுதினால்தான் இப்படிப்பட்ட கதை வரும். அடுத்த கதையை எழுதியவன் கடனாளியாகி, பேனாவை மூடி வைத்துவிட்டால் நஷ்டம் அவனுக்கு மட்டுமல்ல. நம் பிள்ளைகளுக்கு நம் கதை தெரியாமல் போகும்.

உழைப்பாளிகளைப் பற்றிய நாவல் விலை போகாது என்பதும் பொய். நெசவாளிகளின் வாழ்வைப் பற்றி 1953-ல் தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய 'பஞ்சும் பசியும்' செக் மொழிக்குப் போனது. அங்கே அது 50,000 பிரதிகள் விற்றது. தமிழ் நெசவாளியின் பசியை எங்கோ ஐரோப்பாவில் இருப்பவன் படிக்கிறான். தமிழ்நாட்டு மில் தொழிலாளி படிக்க மாட்டானா? படிப்பான், அவன் கைக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டயம் காட்டிய வழி

வழி இருக்கிறதா? இருக்கிறது. அடுத்த வீடான கேரளத்தைப் பாருங்கள். 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் முதல் 120 ரூபாய். எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். அதுதான் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம். எழுத்தாளனுக்கு விலையில் நூற்றுக்கு முப்பது பங்கு என்று விதி செய்தார்கள். சொந்தக் கடைகள் திறந்தார்கள். ஒரு காலத்தில் தம் புத்தகங்களைத் தாமே தூக்கிக்கொண்டு அலைந்து விற்றவர் வைக்கம் முகமது பஷீர். அவருடைய நூல்களையும் தகழியின் நூல்களையும் அந்தச் சங்கம் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதே 1945-ல்தான் திருவிதாங்கூரில் பி.என். பணிக்கர் முயற்சியில் கிராம நூலகங்கள் ஒரே சங்கமாகத் திரண்டன. ஒரு பக்கம் எழுத்தாளர்கள் சேர்ந்தார்கள். மறுபக்கம் வாசகர்கள் சேர்ந்தார்கள். இரண்டு கையும் சேர்ந்தால்தானே ஓசை! பின்னாளில் அந்தக் கூட்டுறவிலும் பிளவும் தளர்ச்சியும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. உறுப்பினர் கண் அயர்ந்தால் எந்தக் கூட்டுறவும் சரியும். அதற்காகக் கூட்டுறவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

நமக்கும் அடிப்படை இருக்கிறது. 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களில், மக்களே எழுதி மக்களே அச்சிட்ட புத்தகங்களுக்கும் பங்கு கேட்க நமக்கு உரிமை உண்டு. நெய்வேலியில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு வருகிறார்கள். படிக்கும் ஆசை இல்லாத ஊரா இது?

நாம் செய்ய வேண்டியது

முதலில் நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வோம். நம் கூட்டங்களில் எத்தனை சால்வை போர்த்துகிறோம்! போர்த்தியவர் வீட்டுக்குப் போவதற்குள் போர்த்திக்கொண்டவர் அதை மடித்து வைத்துவிடுகிறார். பிளக்ஸ் போர்டுக்கு எவ்வளவு செலவு! பத்திரிகை நடத்தும் நாமும் யோக்கியர்கள் அல்ல. மதிப்புரைக்கு வந்த எத்தனையோ புத்தகங்கள் நம் மேஜையிலேயே தூசி படிந்து கிடக்கின்றன. இது மாற வேண்டும்.

ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் மாதம் ஒரு புத்தகம் என்று முடிவு செய்யட்டும். சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுப்போம். வாங்கியதை ரொக்கம் கொடுத்து வாங்குவோம். எழுத்தாளனிடம் கடன் சொல்ல வேண்டாம். படிப்பகத்தில் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். நடவுக்குப் போகும் சகோதரிகள் கேட்டுவிட்டுச் சொல்லும் அபிப்பிராயம் எந்த மதிப்புரைக்கும் குறைந்ததல்ல. கண்காட்சிகளில் தனி எழுத்தாளர் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடை எடுக்க நம் சங்கங்கள் துணை நிற்கட்டும். அதுவே நாளைக்கு ஒரு கூட்டுறவாக வளரும்.

இதற்கு அர்த்தம், எதை எழுதினாலும் கை தட்டுவது என்பதல்ல. கதை சரியில்லை என்றால் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வோம். சுரங்க வேலையைத் தப்பாக எழுதியிருந்தால் சுரங்கத் தொழிலாளி திருத்தட்டும். எழுத்தாளனுக்கு வேண்டியது புகழ்மாலை மட்டுமல்ல. படித்துவிட்டுப் பேசுகிறவன் வேண்டும். யாருமே படிக்காமல் கிடப்பதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை.

அந்த ஒப்பந்தத் தொழிலாளித் தோழரின் புத்தகத்தை நாம் வாங்கினோம், படித்தோம். குறைகள் உண்டு. நடுவில் கதை இழுக்கிறது. ஆனால் ஊரை விட்டுப் போகும் நாளில் கிணற்றை மூட மனமில்லாமல் நிற்கும் அந்தக் குடும்பத்தை நாம் மறக்க முடியவில்லை. அடுத்த நாவலையும் எழுதத் தொடங்கிவிட்டதாக அவர் சொன்னார். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

அதை மீட்பது தர்மமாகாது, தோழர்களே! நம் கதையை எழுதியவனுக்கு நாம் தர வேண்டிய கூலி பாக்கி அது. பாக்கியைத் தீர்ப்போம். மூட்டையில் ஒரு கை கொடுப்போம்!