அந்த மூலையில் கிடந்தது கார்பேஜ் இல்லை

 

முந்தாநாள் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி. நன்றாகப் படித்தவர், பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தெருமுனை முழுக்க ‘கார்பேஜ்’, ‘கார்பேஜ் ஆள்’ மூன்று நாளாக ஒழுங்காக வேலை செய்யவில்லை, புகார் கொடுக்க வேண்டும் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

முப்பத்திரண்டு வருஷம் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். தப்பான இடத்தில் ஒரு சொல்லைப் பார்த்தால் இன்னும் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த மூலையில் நின்று, என்னதான் கிடக்கிறது என்று பார்த்தேன்.

பெரிய குவியல், செங்கல் உடைசலும் பழைய டைல்ஸும். பக்கத்தில் ஒரு தனி வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள். (நங்கநல்லூரில் எந்தத் தெருவில்தான் இடிக்கவில்லை?) ஆங்கிலத்தில் இதற்கு ‘டெப்ரீ’ என்று பெயர். கடைசியில் எஸ் எழுத வேண்டும், உச்சரிக்கக் கூடாது. மேஸ்திரியைக் கேட்டேன். “ரப்பிஷ்மா, லாரி வந்ததும் எடுத்துருவோம்” என்றார். சிரிக்காதீர்கள். சில நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்திலும் ரப்பிஷ் என்றால் முக்கியமாகக் கட்டட இடிபாடுதான். வாட்ஸப்பில் எழுதியவரைவிட மேஸ்திரியின் ஆங்கிலம் சுத்தம்.

இந்த ரப்பிஷை அள்ளுவது காலையில் பேட்டரி வண்டியில் வரும் அம்மாவின் வேலை இல்லை. 2016ல் கட்டட இடிபாட்டுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் போட்டது. யார் உண்டாக்குகிறாரோ அவர்தான் பொறுப்பு. போக்குவரத்தையும் வடிகாலையும் அடைக்கிற மாதிரிப் போடக் கூடாது. மிக்ஜாம் புயலில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு வடிகாலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

குவியலைச் சுற்றிச் சிதறிக் கிடந்தவை வேறு. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், பார்சல் டப்பா. இதற்குத்தான் ‘லிட்டர்’ என்று பெயர். பால் வாங்கும் லிட்டர் இல்லை, இரண்டு டி போட்ட லிட்டர். வருஷா வருஷம் நாலு பிள்ளைகளாவது ‘ஒன் லிட்டர் மில்க்’ என்று இரண்டு டி போட்டு எழுதி என்னிடம் திட்டு வாங்குவார்கள். அந்தச் சொல் முதலில் படுக்கையைக் குறித்தது. அப்புறம் மாட்டுக்கு விரிக்கிற வைக்கோல், அப்புறம் இறைந்து கிடக்கிற எதுவும். ஆனால் கார்பேஜுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. லிட்டர் வினைச்சொல்லாகவும் வரும். வினை என்றால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இன்னொன்று, லிட்டருக்குப் பன்மை கிடையாது. எண்ண வேண்டுமானால் ‘ஒரு பீஸ் ஆஃப் லிட்டர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பீஸுக்கு ஒரு கை. அந்தக் கைகள் எல்லாம் எங்கள் தெருவில்தான் இருக்கின்றன.

ஓரத்தில் ஒரு பழைய மெத்தை. அது ‘ஜங்க்’. யார் வீட்டு மெத்தை என்று தெரியும், எழுத மாட்டேன். வேப்பஞ்சருகு கொஞ்சம், அதில் யாருக்கும் குற்றமில்லை.

கார்பேஜ் இல்லவே இல்லையா? இருந்தது. முடிச்சுப் போட்ட இரண்டு பைகள். கார்பேஜ் என்றால் பழைய ஆங்கிலத்தில் கோழியின் குடல், கழுத்து இவையெல்லாம். அதாவது அடுக்களையில் மிஞ்சுவது. வண்டி வரும்போது இறங்கி வந்து கொடுக்கச் சோம்பல்பட்டு, ராத்திரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பைகள் அவை. நாய் ஒன்றைக் கிழித்திருந்தது. ‘ரெஃப்யூஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. முன்னால் அழுத்திச் சொன்னால் கழிவு, பின்னால் அழுத்திச் சொன்னால் மறுப்பது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டாவது அர்த்தம்தான் வருகிறது.

ஆக, அங்கே கிடந்ததில் அந்த அம்மா விட்டுப்போனது எது? ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கார்பேஜ் என்று ஒரே கூடையில் போட்டதால் பில்டர் தப்பித்தார், மெத்தைக்காரர் தப்பித்தார், நாமும் தப்பித்தோம். மாட்டிக்கொண்டது வண்டி தள்ளுகிறவர்.

தமிழிலும் நாம் யோக்கியமில்லை. சருகு, செத்தை, கூளம், சக்கை, உடைசல், எச்சில் என்று தனித்தனிச் சொற்களை வைத்திருந்தவர்கள் இன்று எல்லாவற்றுக்கும் ‘குப்பை’ என்கிறோம். என் அப்பா ஊரில் ‘குப்பை அடிச்சாச்சா?’ என்று கேட்டால் வயலுக்கு எரு கொண்டு போயாச்சா என்று அர்த்தம். குப்பை அங்கே சொத்து.

அரசாங்க ஆங்கிலமும் குறைச்சலில்லை. வேளச்சேரி தாண்டினால் பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பல வருஷமாகக் கொட்டி மலையாக்கினோம். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் புகைந்தது. அதே வருஷம் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த மலைக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் ‘லெகசி வேஸ்ட்’. லெகசி என்றால் முன்னோர் விட்டுச்சென்ற ஆஸ்தி. தாத்தா எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரி! கொட்டியவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் ஐயா.

2020ல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு மாற்றியது. நல்லது. 2025 ஆகஸ்டில் அவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்து, ஒரு நள்ளிரவில் போலீஸால் ‘அப்புறப்படுத்த’ப்பட்டார்கள். குப்பைக்கும் அதே சொல்தான். எங்கள் குழுவில் அன்றைக்கு ஒரு கட்டைவிரல்கூட எழும்பவில்லை.

நேற்று ராத்திரி குழுவில் எழுதினேன்: “கார்பேஜ் என்பது தவறு. டெப்ரீ – பில்டர். ஜங்க் – ஒரு வீடு. லிட்டர் – நாம் எல்லோரும். ‘கார்பேஜ் ஆள்’ என்பதை அடித்துவிட்டுத் தூய்மைப் பணியாளர் என்று எழுதவும். புகார் கொடுப்பதானால் பில்டர் மேல் கொடுப்போம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.”

“டீச்சர், ரிட்டையர் ஆகியும் கிளாஸ் எடுக்கறதை விடலையா?” என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மெத்தையை மட்டும் காலையில் காணோம்.