சுவரைக் கட்டியவர்களிடமே விட்டுவிடுவதா?

"இவ்வளவு நடந்த பிறகும் கிறிஸ்தவர் என்று வெளியே சொல்லிக்கொள்ள எப்படி மனம் வருகிறது?" படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி இப்போது சகஜமாகிவிட்டது. கேட்பவர்கள் கையில் சான்றுகள் இருக்கின்றன. கோவாவில் 1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, நடந்த மத விசாரணை மன்றம். 1599-இல் உதயம்பேரூரில் கூடிய சங்கத்தின் ஆணையால் தீக்கிரையான சிரியாக் நூல்கள். 1748-இல் புதுச்சேரியில் இடிக்கப்பட்ட வேதபுரீஸ்வரர் கோயில். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு பொய்யானது: மனச்சாட்சியுள்ள கிறிஸ்தவன் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளட்டும், செபத்தை வீட்டுக் கதவுக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்பது.

நம்மவர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதிலும் எனக்குச் சம்மதமில்லை. பள்ளிக்கூடம் கட்டினோம், ஆஸ்பத்திரி நடத்துகிறோம் என்கிறார்கள். இடித்த கோயிலுக்கு எதிரே ஓர் ஆஸ்பத்திரியை வரவு வைக்க முடியாது. பாவத்தைப் பேரேட்டில் நேர்செய்யும் வழக்கம் நற்செய்தியில் எங்கும் இல்லை. அங்கே இருப்பது பாவ அறிக்கை மட்டும்தான்.

தமிழ்த் திருச்சபை அறிக்கையிட வேண்டிய பாவம் கோவாவில் இல்லை, நம் ஊர்களிலேயே இருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டத் தொடங்கிய கோயிலுக்கு இரண்டு தனித்தனிக் கூடங்கள். வேளாளர் ஒன்றில், நாடார் மற்றொன்றில். இரண்டும் பீடத்தருகே மட்டும் வந்து சேரும். பூசை செய்யும் குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்களுக்காக இப்படி ஒரு கட்டடத்தை யோசித்து, வரைந்து, கல் சுமந்து எழுப்பியிருக்கிறார்கள்! பிற்பாடு கௌசானல் சுவாமியார் இரு பக்கத்தாரையும் பிரித்த தடுப்பை இடித்தபோது, வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது. நற்செய்தி வாசித்தவர்களுக்கு நீதிபதிகள் அந்த மறுப்பைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்கும் முந்திய ஒரு சம்பவம்தான் என் வாதத்துக்கு அடிப்படை. 1745 அக்டோபரில் புதுச்சேரி சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர். ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் ஊட்டிய ஊக்கத்தில், பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் சமமாக நடத்த வேண்டாமா, கடவுளா இந்தப் பிரிவினையை வகுத்தார் என்பது அவர்கள் கேள்வி. சுவர் இடிந்தது.

அந்தச் சுவரை அவர்கள் எதைக் கொண்டு இடித்தார்கள்? அன்று அரசியல் சட்டம் இல்லை, வாக்குரிமை இல்லை. "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்ற ஒரு சொல்லைத்தான் உரக்கச் சொன்னார்கள். சபை தங்களை அவமதித்ததே, இனி விசுவாசத்தைப் பற்றிப் பேசாமல் இருப்போம் என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் சுவர் நின்றிருக்கும். சுவரின் உடைமைக்காரர்களுக்கு அதைவிட வசதியானது வேறென்ன இருக்க முடியும்? "வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்" என்னும் அறிவுரை நியாயம் போலத் தோன்றுகிறது. அதன் பலனோ, திருச்சபையையும் அதன் கல்லறைகளையும் தேரையும் சாதி பார்ப்பவர்கள் கையிலேயே ஒப்படைப்பதாக இருக்கிறது.

விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிடுவது சுலபமான பெருமை என்று நினைப்பவர்கள் 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த பட்டியல் சாதித் தகுதி 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் நீண்டது. தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஊர்த்தெருவில் அடி விழும்போது சாதி பார்த்துத்தான் விழுகிறது. வழக்குப் போடப் போனால், நீ கிறிஸ்தவன் ஆயிற்றே என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைவிரிக்கிறது. சான்றிதழுக்காக மதத்தை மறைக்க வேண்டியிருப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குற்றம் அந்த ஆணையின்மீது. ஆனால் இத்தனையும் தெரிந்தே பெயரை மாற்றாமல் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சபையிடம் அடிபட்டு, அரசிடமும் இழந்து, அப்படியும் கிறிஸ்துவை விடாதவர்கள். அவர்களுக்கு முன்னால், எதையும் இழக்காத நானா வெட்கத்தைக் காரணம் காட்டி மௌனமாவது?

காயப்பட்டு வெளியேறியவர்களோடு எனக்கு வழக்கில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியே வந்த பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவைப் பற்றி மடத்தில் ஏன் சொல்லித்தரவில்லை என்று அந்தப் புத்தகம் கேட்கிறது. எந்த மறையுரையும் அதைப்போல என்னை உலுக்கியதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உள்ளே இருப்பவர்களுக்குத்தான் உண்டு, விசுவாசத்தை ஒளித்துவைத்துக்கொண்டு அதை நிறைவேற்ற முடியாது.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அலுவலகம் போகிறவன், பங்குப் பேரவையிலும் வாய் திறந்து பேச வேண்டும். திருவிழாத் தேர் ஏன் தலித் கிறிஸ்தவர்களின் தெருவுக்குள் திரும்பவில்லை என்று கேட்க வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரிக்கும் சுவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, அது பழைய கதை என்று யாராவது சமாதானம் சொன்னால், எழுந்து நின்று மறுக்க வேண்டும். கேட்பவர், "நீ யார் இதையெல்லாம் கேட்க?" என்பார். ஞானஸ்நானம் பெற்றவன் என்று சொல்லலாம்.